குளோபும் பூங்கா அரங்கும்

லண்டன்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் எப்படி இருக்கிறீர்கள்? கண்ணுக்குச் சொட்டு மருந்தை நேரத்துக்கு விடுகிறீர்களா?

இங்கே நாடகம் பார்க்கிறேன் என்று போனில் சொன்னதும் "கொட்டகையிலா, வெளியிலா?" என்று கேட்டீர்கள். அதற்குள் அம்மா போனை வாங்கிவிட்டாள். அதனால் எழுதுகிறேன். வெளியில்தான். ஜூன் மாதம் இங்கே இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும்.

தேம்ஸ் ஆற்றின் தென்கரையில் குளோப் என்று ஓர் அரங்கு. ஷேக்ஸ்பியரின் குழு 1599-ல் கட்டியது. ஷோர்டிச் என்ற பகுதியில் இருந்த தங்கள் பழைய அரங்கைப் பிரித்து, அந்த மரங்களையே கொண்டுவந்து எழுப்பினார்கள். 1613-ல் நாடகத்தின் நடுவே பீரங்கி சுட்டபோது பொறி கூரையில் விழுந்து எல்லாம் எரிந்துபோனது. ஒருவரின் கால்சட்டையில் தீப்பிடிக்க, பீரை ஊற்றி அணைத்தார்களாம். அந்தக் காலத்துக் கடிதம் ஒன்றில் இருக்கிறது. மறு வருஷமே திரும்பக் கட்டினார்கள். 1642-ல் நாடகமே கூடாது என்று தடை வந்தது, அப்புறம் இடித்துவிட்டார்கள்.

இப்போது நிற்பது 1997-ல் திறந்தது. சாம் வானமேக்கர் என்ற அமெரிக்க நடிகர் 1949-ல் வந்து தேடியபோது நினைவுப் பலகை ஒன்றுதான் இருந்ததாம். காசு சேர்த்து வேலையைத் தொடங்கியவர், முடியுமுன் 1993-ல் இறந்துபோனார். ஓக் மரச் சட்டம், மர ஆணி, ஆட்டு ரோமம் கலந்த சுண்ணாம்புப் பூச்சு, நாணல் கூரை. 1666-ல் ஊரே எரிந்த பிறகு லண்டனில் இப்படிக் கூரை வேய அனுமதித்தது இதற்குத்தான். பயம் போகவில்லை, தண்ணீர் பீய்ச்சும் குழாய்களையும் கூரையிலேயே வைத்திருக்கிறார்கள்.

நடுவில் வானம் பார்த்த முற்றம். 5 பவுண்டுக்குக்கூட டிக்கெட் உண்டு, ஆனால் நின்றுதான் பார்க்க வேண்டும். கால் வலிக்கிறதென்று தரையில் உட்கார்ந்தால் ஊழியர் வந்து எழுப்பிவிடுவார். குடை விரிக்கவும் கூடாது. அந்தக் காலத்தில் நிற்க ஒரு பென்னி காசு, உட்கார இன்னொன்று, மெத்தைக்கு மூன்றாவது. இன்றும் மெத்தைக்குத் தனிக் காசு. பழைய முறைப்படியே செய்கிறோம் என்பதை இதிலா காட்ட வேண்டும்!

நடிகர்களிடம் மைக் கிடையாது. மேலே ஹெலிகாப்டர் போனால் அவர்கள் குரலை உயர்த்தியாக வேண்டும். ஆதியில் மதிய வெயிலில் ஆடினார்கள். இப்போது இரவுக் காட்சிக்கு விளக்கு போட்டாலும், மேடைக்கும் நமக்கும் ஒரே வெளிச்சம்தான். அதனால் நடிகர் நம் முகத்தைப் பார்த்தே பேசுகிறார். ஊர்க் கூத்தில் கட்டியங்காரன் முன்னால் இருப்பவரை வம்புக்கு இழுப்பானே, அதே மாதிரி ஒரு நடிகர் கூட்டத்துக்குள் இறங்கி, என் பக்கத்தில் நின்றவரின் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டே வசனம் பேசினார். தொப்பிக்காரருக்கு வாயெல்லாம் பல்.

இன்னோர் அரங்கு ரீஜண்ட்ஸ் பார்க் பூங்காவுக்குள். புது மாதிரி அரங்கு என்பார்கள். ஆனால் 1932-ல் தொடங்கியது, இப்போதைய குளோபுக்கு மூத்தது! ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாற்காலிகள் சரிவாக இருக்கின்றன, பின்னால் மரங்கள். இருட்டியதும் மரங்களுக்குள் விளக்கு எரியும்போது அழகுக்குக் குறைவில்லை. பாட்டு நாடகத்துக்கு இதுதான் சரி. ஆனால் எல்லோர் உடம்பிலும் மைக். குரல் ஸ்பீக்கரிலிருந்து வருவதால், பேசுவது யார் என்று வாயசைவைத் தேட வேண்டியிருக்கிறது. நடிகருக்கும் நம்மைத் தெரியாது. மேலே வானம் இருந்தும் சினிமா கொட்டகையில் உட்கார்ந்த மாதிரிதான் எனக்கு இருந்தது.

மழை வந்தால்? குளோப் மேடைக்குக் கூரை உண்டு, ஆட்டம் நிற்காது. முற்றத்தில் நிற்கும் நாம்தான் நனைய வேண்டும். பூங்காவில் எல்லோரும் நனைவோம், மேடை வழுக்கும் என்று நிறுத்திவிடுவார்கள். அன்று ஆட்டம் நடக்காமலே போனால் பணம் திரும்பாது, வேறு நாளுக்கு டிக்கெட் மாற்றித் தருவார்கள்.

நீங்கள் வந்தால் குளோபுக்குத்தான் போகிறோம். உங்கள் முட்டிக்கு நிற்பது ஆகாது. பெஞ்சுக்குச் சாய்வு கிடையாது, மேடைத் தூண் வேறு சில இடங்களில் மறைக்கும். அதனால் முற்றத்தைச் சுற்றியுள்ள மாடத்தில் கடைசி வரிசை எடுக்கிறேன், முதுகுக்குச் சுவர் இருக்கும். கோடை ஆட்டங்கள் இலையுதிர் காலத்தோடு முடிந்துவிடும். தம்பியிடம் சொல்லி பாஸ்போர்ட் நகலை இந்த வாரமே அனுப்பச் சொல்லுங்கள்.

அன்பு மகன்