'உற்சாகமாக' என்ற ஒரு சொல்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு உங்கள் பத்திரிகையில் வந்த போர்க்காலத் தோட்டங்கள் கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். விம்பிள்டன் டென்னிஸ் கிளப்பில் பன்றியும் கோழியும் வளர்த்தது, லண்டன் பூங்காக்களில் காய்கறி போட்டது எல்லாம் சரி. அப்புறம், மலாயாவிலும் மக்கள் உற்சாகமாகத் திடல்களைக் கொத்தி மரவள்ளி நட்டார்கள் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அந்த 'உற்சாகமாக' என்ற சொல்லுக்கு என் மனசு ஒப்பவே இல்லை.

மலாயா சாப்பிட்ட அரிசியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வெளியிலிருந்து, பெரும்பாலும் பர்மா, சயாம் (இன்றைய தாய்லாந்து) பக்கமிருந்து வந்தது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. போரில் ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்து ஆண்ட காலத்தில் அது வற்றிப்போனது. ரப்பரை வாங்க ஆளில்லை, எங்கள் தோட்டத்தில் பால்வெட்டும் நின்றது, கையில் இருந்தது ஜப்பான்காரன் வாழைமரப் படம் போட்டு அச்சடித்த வாழைமரக் காசு. 1943-ல் என் அப்பாவுக்கு 9 வயது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்து, பந்துத் திடலைப் பாத்தி பாத்தியாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். வருஷக்கணக்கில் பந்தாடி இறுகிப்போன செம்மண், அதிலும் கோல் வாசல் பக்கம் கல்லு மாதிரி இருக்குமாம், மண்வெட்டி இறங்காமல் கடப்பாரையால் குத்தித்தான் பெயர்த்தார்களாம். குச்சி நட்டால் கிழங்குக்கு எட்டு, பத்து மாதம் ஆகும், பசி அதுவரை பொறுக்குமா? கொழுந்தைப் பறித்து அவித்துத் தின்றிருக்கிறார்கள். அரிசி இல்லாமல் கிழங்கே கதி என்று கிடந்ததில் கால் வீங்கிப் படுத்தவர்கள் லயத்துக்கு லயம் இருந்தார்கள்.

அந்தக் கோல் வாசலில் நின்றவர் என் பெரியப்பா. அவர் ஜப்பான்காரன் சயாமிலிருந்து பர்மாவுக்குப் போட்ட ரயில் பாதை வேலைக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர், திரும்பவில்லை. அந்த 415 கிலோமீட்டர் பாதையில் செத்த வெள்ளைக்காரக் கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறை இருக்கிறது. அவர்களைவிடப் பல மடங்கு அதிகமாகச் செத்த எங்கள் ஆட்களைப் பற்றி நான் மூன்று வருஷத்துக்கு முன் எழுதிய கடிதத்தை நீங்கள் போடவில்லை. இடப் பற்றாக்குறை என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன், இப்போதும் அதற்காகச் சண்டைக்கு வரவில்லை.

விம்பிள்டனில் 1946-லேயே திரும்ப டென்னிஸ் ஆடினார்கள். எங்கள் திடலில் போருக்குப் பிறகு மரவள்ளியைப் பிடுங்கி, புல் பிடிக்கவைத்து, கோல்கம்பம் நட்டது தோட்டத்து இளைஞர்களேதான், ஞாயிறு ஞாயிறாக, கூலி இல்லாமல். நானும் அதில் ஆடி வளர்ந்தவன். பிறகு தோட்டத்தை விற்றபோது திடலும் சேர்ந்தே போனது, இன்று அங்கே செம்பனை (எண்ணெய்ப்பனை) நிற்கிறது. யாரும் எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அடுத்த இதழில் அந்தச் சொல்லை நீக்கிக்கொள்வதாக இரண்டு வரி போடுங்கள். நட்டார்கள் என்று மட்டும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர்,
சுங்கை சிப்புட்