லேசாக்கினால் கேம் கெட்டுப்போகுமா?

கல்லடி

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. வீட்டில் எல்லாரும் சுகம். இங்கே கச்சான் காற்று, பகலில் வெளியே தலைகாட்ட ஏலாது. அதனால் நான் செய்கிற தோணிக் கேமின் வேலை நன்றாக ஓடுகிறது.

அதில் லேசான நிலை ஒன்று வைத்தால் உயிரே போய்விடும், செகிரோ என்ற வாள்சண்டைக் கேமில் அப்படி ஒன்று இல்லையே என்று எழுதியிருந்தாய். 2019இல் வந்த செகிரோவில் எல்லாருக்கும் ஒரே கஷ்டம்தான். எதிராளியின் வாளைச் சரியான நொடியில் தடுக்கப் பழகுவதுதான் அந்தக் கேமே. அதை அவர்கள் விட்டுக்கொடுக்காததில் எனக்குக் குறை இல்லை. ஆனால் எல்லாக் கஷ்டமும் அந்த ரகம் இல்லை, மச்சான்.

எங்கள் ஒழுங்கையில் ஒரு பொடியனுக்கு வலது கையில் மூன்று விரல்தான். அவனிடம் கேமைக் கொடுத்தேன். முகத்துவாரத்து நீரோட்டத்தை என்னைவிட நன்றாகக் கணித்தான். ஆனால் துடுப்புப் போட ஒரு பட்டனை அழுத்திப் பிடித்தபடி இன்னொன்றைத் தட்ட வேண்டும், அங்கேதான் தோணி கவிழ்ந்தது. அந்தக் கஷ்டம் தண்ணீருடையது இல்லை, பட்டனுடையது. இப்போது ஒருமுறை தட்டினால் துடுப்பு ஓடும், மறுபடி தட்டினால் நிற்கும். எழுத்தைப் பெரிதாக்குவது, நிறத்தோடு வடிவத்தையும் காட்டுவது, பட்டன்களை இடம் மாற்றுவது, இதற்கெல்லாம் விவாதமே தேவையில்லை.

செலஸ்டே விளையாடினாயா? 2018இல் வந்தது, பல்லைக் கடிக்க வைக்கும் மலையேற்றம். அதன் அசிஸ்ட் மோட் என்ற உதவி நிலையில் வேகத்தைப் பத்துப் பத்து வீதமாகப் பாதிவரை குறைக்கலாம், கை தளராமல் தொங்கலாம், சாகாமலே போகலாம். ஒவ்வொன்றும் தனித்தனி. வேகத்தை மட்டும் 80 வீதமாக்கினாலும் எங்கே தாவுவது என்ற கணக்கு அப்படியே இருக்கும். லேசு, நடு, கடினம் என்று மூன்று கதவு வைப்பதைவிட இதுதான் எனக்குப் பிடிக்கும். ஹேடீஸ் என்ற கேம் இன்னும் கெட்டித்தனம். அதன் ‘காட் மோட்’ என்ற உதவி நிலையில் விழும் அடி முதலில் 20 வீதம் குறையும், ஒவ்வொரு முறை சாகும்போதும் இன்னும் 2 வீதம், 80இல் நின்றுவிடும். தனக்கு எவ்வளவு உதவி வேண்டும் என்று விளையாடுகிறவன் முன்கூட்டியே சொல்லத் தேவையில்லை, அவன் தோல்வியே அளந்து கொடுக்கிறது.

லேசான நிலைக்கு வைக்கும் பெயரிலும் படத்திலும்கூடக் கவனம் வேண்டும். 1992இல் வந்த வுல்ஃபென்ஸ்டீன் 3டியில் ஆக லேசான நிலைக்குப் போனால் வீரன் தலையில் குழந்தைத் தொப்பி, வாயில் சூப்பி! பகிடிக்குச் செய்ததுதான், என்றாலும் அந்தப் பொடியனிடம் அப்படி ஒரு படத்தை நீட்ட எனக்கு மனம் வராது.

நீரோட்டத்தின் வேகத்தைக் குறைக்க விடுவதா என்பதில்தான் இன்னும் தடுமாறுகிறேன். செகிரோவுக்கு வாள் எப்படியோ எனக்கு அந்த நீரோட்டம். விடலாம் என்றே மனம் சாய்கிறது, ஆனால் உன்னோடு சண்டை பிடிக்காமல் முடிவெடுக்க மாட்டேன். கேமை அனுப்புகிறேன், முதலில் இடது கையால் மட்டும் விளையாடிப் பார்த்துவிட்டு எழுது. லீவுக்கு எப்போது வருகிறாய் என்றும் எழுது, அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறா.

அன்புடன்,
உன் மச்சான்