பூமிக்கு உள்ளே குடியிருந்தவர்கள்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். முழங்கால் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து, கைத்தடி இல்லாமலேயே மாடிப்படி ஏறுகிறீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் மனம் நிம்மதியடைந்தது. நான் இன்னும் ஃப்ளோரிடாவில் மகள் வீட்டில்தான் இருக்கிறேன். சென்ற வாரம் அவள் என்னை எஸ்டெரோ என்னும் ஊரிலுள்ள கொரேஷன் மாநிலப் பூங்காவுக்கு அழைத்துப் போனாள். ஆயுள் முழுவதும் இயற்பியல் கற்பித்த உங்களுக்கு அதைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை.

நாம் பூமியின் மேற்பரப்பில் நடமாடவில்லை, உள்ளீடற்ற ஒரு பெருங்கோளத்தின் உட்சுவரில் வாழ்கிறோம், சூரியனும் விண்மீன்களும் அந்தக் கோளத்துக்குள்ளேயே அடங்கியுள்ளன என்று நம்பிய ஒரு சமயக் குழுவினர் கட்டிய குடியிருப்பு அது. அவர்களுடைய குரு சைரஸ் டீட் என்னும் மருத்துவர். 1869-இல் தமக்குத் தெய்வ தரிசனம் கிடைத்ததாக அறிவித்து, பின்னாளில் கொரேஷ் என்று பெயர் சூட்டிக்கொண்டு, சிகாகோவில் சீடர்களைத் திரட்டியவர். குஸ்டாவ் டாம்கோலர் என்ற ஜெர்மானியக் குடியேறி தம் நிலத்தைக் கொடுக்கவே, 1894-இல் அவர்களில் முதல் குழுவினர் எஸ்டெரோ ஆற்றங்கரைக்கு வந்து சேர்ந்தார்கள். மற்றவர்கள் பின்னர் வந்தார்கள். ஒரு கோடிப் பேர் வாழும் புதிய எருசலேமை அங்கே எழுப்புவது டீட்டின் திட்டம். உச்ச காலத்தில் இருந்தவர்கள் ஏறத்தாழ 250 பேர்.

இவர்கள் வேதவாக்கை மட்டும் நம்பி உட்காரவில்லை என்பதுதான் உங்களுக்குச் சுவைக்கும் செய்தி. 1897-இல் ஃப்ளோரிடாவிலேயே உள்ள நேப்பிள்ஸ் கடற்கரையில், பித்தளை முனைகள் பொருத்திய மகாகனி மரச் சட்டங்களை ஒன்றோடொன்று இணைத்து, பின்னால் இருப்பதைக் கழற்றி முன்னால் மாட்டி, மைல் கணக்கில் ஒரு நேர்கோட்டை நீட்டிக்கொண்டே போனார்கள். பூமி வெளிப்புறம் வளைந்திருந்தால் கோடு கடல்மட்டத்தை விட்டு விலக வேண்டும், உட்புறம் குழிந்திருந்தால் கடலை நெருங்க வேண்டும் என்ற தர்க்கத்தில் குற்றமே இல்லை. கோடு கடலை நெருங்கியதாக அவர்கள் பதிவு செய்தார்கள். அத்துடன் பிரபஞ்சம் நிரூபணமாகிவிட்டது! விடையை முன்னமே மனத்தில் வைத்துக்கொண்டு அளப்பவனின் கை எவ்வளவு நுட்பமாகத் தவறும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எந்த ஆய்வுக்கூடத்திலும் கிடைக்காது.

கலைமண்டபத்தில் அந்தக் கோள மாதிரியைப் பார்த்தேன். கண்டங்களெல்லாம் கோளத்தின் உட்பக்கத்தில் ஒட்டியிருக்கின்றன. நடுவெளியில் வானம் தொங்குகிறது. அபத்தம் என்று தெரிந்திருந்தும், அந்த உலகத்தில் ஒரு கதகதப்பு இருப்பதை என்னால் மறுக்க முடியவில்லை. எல்லையற்ற வெளியில் அனாதையாகச் சுழல்வதைவிட, நான்கு பக்கமும் சுவர் எழுப்பிய பிரபஞ்சம் சிலருக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். அங்கிருந்து சற்றுத் தள்ளி, நிர்வாகத்தை நடத்திய ஏழு பெண்கள் குடியிருந்த இரண்டு மாடி வீடும் நிற்கிறது. அமெரிக்கப் பெண்களுக்கு நாடு முழுவதும் வாக்குரிமை 1920-இல்தான் வந்தது என்பதை நினைத்துக்கொண்டு அந்த வீட்டைப் பார்க்க வேண்டும். அடுமனை, இயந்திரப் பட்டறை, ஆற்றோரத்து மூங்கில் புதர்கள் எல்லாம் கைத்திறனும் உழைப்பும் மிக்கவர்களின் வேலை என்று பார்த்தவுடனே தெரிகிறது.

ஆகவே, விண்ணியல் பிழையால் அந்தக் குடியிருப்பு அழிந்தது என்று நான் நினைக்கவில்லை. குழிந்த பூமியிலும் ரொட்டி நன்றாகத்தான் வெந்திருக்கிறது. தீவிர உறுப்பினர்கள் பிரமச்சரியம் காத்ததால் அடுத்த தலைமுறை உள்ளிருந்து வளரவில்லை. அதைவிடப் பெரிய கேடு, எல்லா நம்பிக்கையும் ஒரே மனிதரின் உடலோடு கட்டப்பட்டிருந்தது. தாம் இறந்தால் உயிர்த்தெழுவேன் என்று போதித்த டீட், 1908 டிசம்பர் 22-இல் இறந்தார். சீடர்கள் கிறிஸ்துமஸ் வரை உடலருகே காத்திருந்தார்கள். பிறகு மாவட்டச் சுகாதார அதிகாரி தலையிட்டு, அடக்கம் செய்யச் சொல்ல வேண்டியதாயிற்று. கடலோரத்திலிருந்த அந்தக் கல்லறையையும் 1921-ஆம் ஆண்டுப் புயல் அடித்துக்கொண்டு போய்விட்டது.

இறுதியாக எஞ்சியவர் ஹெட்விக் மிஷெல். நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி, 1940-இல் இங்கு அடைக்கலம் புகுந்த யூதப் பெண்மணி. 1961-இல் நிலத்தை மாநில அரசுக்குக் கொடையாகக் கொடுத்தவரும் அவரே. அவர் அதைச் செய்யாமல் போயிருந்தால் அந்த இடத்தில் இன்று வீட்டுமனைகள்தாம் இருந்திருக்கும். பல நாடுகளில் கதவடைக்கப்பட்ட ஒருவருக்கு, தோற்றுப்போனதாக நாம் சொல்லும் ஒரு குழு இடம் கொடுத்திருக்கிறது என்பதையும் அதன் கணக்கில் சேர்த்தே எழுத வேண்டும் என்பது என் கருத்து.

அந்த மரச் சட்டங்களின் படத்தை மகள் உங்களுக்குத் தனியே அனுப்புவாள். நான்கு மைல் தொலைவுக்குப் பூமியின் வளைவு 10 அடிக்குச் சற்று அதிகமாக வருகிறது என்று நான் கணக்குப் போட்டேன். அப்படியானால் ஒவ்வோர் இணைப்பிலும் எவ்வளவு சாய்ந்தால் கோடு எதிர்த்திசையில் கடலைத் தொடும் என்பதை நீங்கள் கணக்கிட்டு, அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். வீட்டில் அனைவருக்கும் என் அன்பைத் தெரிவியுங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்