வெள்ளைக் காரின் பழைய பில்கள்

கோண்டாவில்,
ஞாயிறு இரவு.

அன்புள்ள மகளுக்கு,

நீ வாங்க நினைக்கும் காரின் படங்களை அம்மாவும் நானும் மூன்று தரம் பார்த்துவிட்டோம். 2008 ரொயோட்டா விற்ஸ், வெள்ளி நிறம், மினுமினு என்று இருக்கிறது. அம்மாவுக்கு அப்போதே பிடித்துவிட்டது. எனக்கு அந்த மினுக்கம்தான் இடிக்கிறது. அவ்வளவு வயசுக் கார் அப்படி மினுங்கினால், அண்மையில் பெயின்ற் அடித்திருக்கிறார்கள். ஏன் அடித்தார்கள் என்று கேட்டாயா?

போனில் சொன்னால் "சரியப்பா, சரியப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

2016இல் நாங்கள் வாங்கிய வெள்ளைக் கார் நினைவிருக்கிறதா? வாங்கிய விலையைத்தான் உங்களுக்குச் சொன்னேன். பிறகு விழுந்த செலவை அம்மாவுக்கும் முழுதாகச் சொல்லவில்லை. பில்களைப் பழைய பிஸ்கற் ரின்னில் போட்டு அலுமாரிக்கு மேலே வைத்திருந்தேன். நேற்று எடுத்துக் கூட்டிப் பார்த்தேன். நாலு ரயர் 34,000. முன் ஷொக் அப்சோபர் சோடி 28,000. எஞ்சினைத் தாங்கும் மவுண்டிங் 18,000. பற்றரி 14,000. ரேடியேற்றரும் சிலிண்டர் ஹெட் வேலையும் 55,000. முதல் வருடத்தில் மட்டும் 149,000 ரூபாய்! அம்மா பக்கத்தில் இருந்து பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. தேத்தண்ணி மட்டும் கொஞ்சம் பிந்தி வந்தது.

அந்த 55,000 முழுக்க என் பிழை. முன்பு வைத்திருந்தவர் ரேடியேற்றருக்குக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார், நானும் அதையே ஊற்றினேன். எங்கள் ஊர் சுண்ணாம்புக்கல் நிலம். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே படிவு ரேடியேற்றரின் குழாய்களுக்குள்ளும் படியும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கொழும்புக்குப் போகும் வழியில் முறிகண்டி தாண்டியதும் எஞ்சின் சூட்டைக் காட்டும் சிவப்பு லைற் எரிந்தது. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துக் கச்சானும் வாங்கிக்கொண்டு வந்த தைரியத்தில், இன்னும் கொஞ்சத் தூரம் போகலாம் என்று ஓட்டினேன். அந்தக் கொஞ்சத் தூரத்தில் ஹெட் வளைந்துவிட்டது. சிவப்பு எரிந்த இடத்திலேயே நிறுத்தியிருந்தால் ரேடியேற்றர் செலவோடு போயிருக்கும். நீ கூலன்ற் மட்டும் ஊற்று. வாங்கப் போகும் காரில் எஞ்சின் ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்து பார். உள்ளே துருநிறத் தண்ணீர் நின்றால், அல்லது பால் விட்ட தேத்தண்ணி மாதிரிக் கலங்கியிருந்தால், விலை பேசாமலே திரும்பி வா.

இன்னொன்று. இவை 2016 விலைகள். 2022 மார்ச்சுக்கு முன் 200 ரூபாய் அளவில் நின்ற டொலர், மே மாதம் 360 வரை போனது. சாமான் எல்லாம் வெளியிலிருந்து வருவதுதானே. என் பில்லை இரண்டால் பெருக்கிப் பார். 2020 மார்ச்சிலிருந்து 2025 பெப்ரவரி வரை தனியார் கார் இறக்குமதியே இல்லாததால், பழைய கார்களும் கிழவன் கல்யாணச் சந்தைக்கு வந்த மாதிரி விலை ஏறி நிற்கின்றன. விலை கூட என்பதற்காகக் கார் நல்லது என்று நினைத்துவிடாதே.

விற்ஸ் கெட்ட கார் என்று நான் சொல்லவில்லை. அந்த ஆயிரம் சிசி எஞ்சின் மூன்று சிலிண்டர். இயல்பாகவே கொஞ்சம் நடுங்கும். ஆனால் பிரேக்கை மிதித்தபடி டி-யில் போட்டு நிற்கும்போது ஸ்ரியரிங்கும் சீற்றும் சேர்ந்து அதிர்ந்தால், மவுண்டிங் போய்விட்டது. அது தாங்கக்கூடிய செலவு. பயப்பட வேண்டியது கியர்பொக்ஸுக்கு. அது சிவிரி, உள்ளே பல்லுச் சக்கர கியர் மாற்றமில்லை, இரண்டு கப்பிகளுக்கு நடுவில் ஓர் உருக்குப் பட்டி ஓடுகிறது. அதற்கென்று தனி ஒயில் உண்டு. சாதாரண ஓட்டோ கியர் ஒயிலை ஊற்றி ஓட்டியிருந்தால் பட்டியும் கப்பியும் தேய்ந்துவிடும். மெதுவாக எடுக்கும்போது குலுக்கினாலோ, வேகம் ஏற ஏற ஊளையிட்டாலோ அந்தக் காரை விட்டுவிடு. பாவித்த கியர்பொக்ஸ் ஒன்றைத் தேடிப் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் அலைவது உனக்கு வேண்டாத வேலை.

ஹொண்டா ஃபிட் ஹைபிரிட் பற்றியும் கேட்டிருந்தாய். பெற்றோல் மிச்சம்தான். ஆனால் 2013இல் வந்த மொடலை, இரட்டைக் கிளச் கியர்பொக்ஸ் தொடர்பாகவே ஜப்பானில் பலமுறை திருப்பி அழைத்தார்கள். அதற்கு முந்தியதில் ஹைபிரிட் பற்றரிக்கு இப்போது வயசாகிவிட்டது. உன் சம்பளத்துக்கு அது சரிவராது. விற்ஸோ ஃபிட்டோ, எயார்பாக்கைப் பற்றி மறக்காமல் கேள். தகாட்டா என்ற நிறுவனம் செய்த எயார்பாக் பிரச்சினையில் இரண்டின் பழைய மொடல்களும் அகப்பட்டன. அதன் வெடிமருந்து வெக்கையிலும் ஈரத்திலும் பழுதாகி, வெடிக்கும்போது இரும்புத் துண்டுகளைச் சிதறும். எங்கள் நாட்டில் வெக்கைக்கும் ஈரத்துக்கும் என்ன குறை? செசி நம்பரைக் கொடுத்து, மாற்றியாயிற்றா என்று நிறுவனத்திடமே கேள்.

மீற்றரில் 82,000 கிலோமீற்றர் என்று போட்டிருக்கிறார்கள். மீற்றரை விடு, பிரேக் மிதியின் ரப்பரைப் பார். அது வழுவழு என்று தேய்ந்திருந்தால் மீற்றர் பொய் சொல்கிறது. சீற் பெல்ற்றைக் கடைசி வரை இழுத்துப் பார்; சேறு காய்ந்த கறை இருந்தால் வெள்ளத்தில் நின்ற கார். 2016 மே வெள்ளத்தில் களனி ஆற்றங்கரைப் பக்கம் எத்தனை கார் மூழ்கியது என்று உனக்கே தெரியும். ரயரின் பக்கத்தில் நாலு இலக்கம் இருக்கும். 2318 என்றால் 2018ஆம் ஆண்டின் 23ஆம் கிழமை செய்தது.

தொண்ணூறுகளில் சண்டைக் காலத்தில் பெற்றோல் இல்லாமல் அப்பப்பாவின் பழைய ஒஸ்ரின் ஏ-40 கார் மண்ணெண்ணெயில் ஓடியது. ஒரு போத்தல் பெற்றோல் காட்டி ஸ்ரார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். ராங்கில் ஒழுகினால் சவுக்காரத்தைத் தேய்த்து அடைப்போம். அந்தக் கார் எதையும் பொறுத்துக்கொண்டது. இந்தக் காலத்துக் கார் அப்படிப் பொறுக்காது.

கையில் இருக்கும் காசு முழுவதையும் காருக்குக் கொடுத்துவிடாதே. மூன்று இலட்சமாவது ஒதுக்கி வை. அது முடியாது என்றால், இன்னும் கொஞ்சம் குறைந்த விலையில் பார்ப்போம். இரவு வேலை முடிந்து நீ பஸ்ஸுக்கு நிற்பதை நினைத்து அம்மா அவசரப்படுகிறாள். எனக்கும் அந்தக் கவலை இருக்கிறது. என்றாலும் இருட்டில் நடுவழியில் நின்றுபோகும் கார் பஸ்ஸைவிட மோசம்.

வெள்ளி இரவு பஸ்ஸில் வருகிறேன். விடிய வெள்ளவத்தையில் இறங்கி, நேரே உன்னிடம் வருவேன். முற்பணம் கொடுத்துவிடாதே. நாங்கள் வரும்வரை எஞ்சினை ஸ்ரார்ட் பண்ண வேண்டாம் என்று அந்த ஆளிடம் சொல்லிவை. போனதும் நான் முதலில் பொனற்றில் கையை வைத்துப் பார்ப்பேன். சுட்டால், ஆறிய எஞ்சினின் குறையை மறைக்க முன்னமே ஸ்ரார்ட் பண்ணியிருக்கிறார்கள்; அப்படியே திரும்பி, எங்காவது இடியப்பம் சாப்பிடுவோம்.

அன்புடன்,
அப்பா