ராஜா தலை ரூபாயும் ஸ்டீல் ரூபாயும்: தேவகோட்டை அண்ணனுக்கு

அன்புள்ள அண்ணனுக்கு,

அப்பச்சியின் இரும்புப் பெட்டியில் இருப்பதுதான் காசு, பேரன் சேர்ப்பதெல்லாம் தகரம் என்று வீட்டில் வழக்கு நடக்கிறதாமே. தீர்ப்புச் சொல்வதற்கு முன் மூன்று சாமான் வாங்கிவிடுங்கள்: 0.01 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு, ஒரு காந்தம், பத்து மடங்கு லென்ஸ்.

முதலில் 1940க்கு முந்தைய ராஜா தலை ரூபாயை நிறுங்கள். தேயாத காசு 11.66 கிராம் காட்டும், அதில் 91.7 சதவீதம் வெள்ளி. 1940இல் வெள்ளியைப் பாதியாகக் குறைத்தார்கள், எடையைத் தொடவில்லை. 1947இல் பின்பக்கம் புலி வந்தது, வெள்ளி அடியோடு போனது. அது நிக்கல், காந்தத்தில் ஒட்டும். அப்புறம் ஸ்டீல் காலம்: 1992இல் வந்த ரூபாய் 4.85 கிராம், 2011 வரிசை 3.79, 2019 வரிசை 3.09. முகப்பு மாற மாற, முதலில் வெள்ளியும் பிறகு கனமும் குறைந்ததைப் பார்த்தவர் அப்பச்சி. அவர் புதுப் படத்தை ரசிக்காததில் வியப்பில்லை.

ஆனால் படத்துக்காகச் சண்டை போடுவது இந்தக் காலத்துப் பிள்ளைகள் மட்டும் என்று அவர் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். 1911 ரூபாயில் ஐந்தாம் ஜார்ஜ் அணிந்த மாலையில் இருந்த யானை, தும்பிக்கை குட்டையாகிப் பன்றி போலத் தெரிந்தது. ஊரெல்லாம் முணுமுணுப்பு, காசைத் திரும்பப் பெற்று, 1912இல் தும்பிக்கையைத் திருத்தி அடித்தார்கள். பெட்டியில் 1911 இருந்தால் லென்ஸை அங்கே வையுங்கள். சுமார் நூறு வருஷம் கழித்து இரண்டு ரூபாயில் சிலுவை தெரிகிறது என்று எழுந்த சர்ச்சையும் இதே ரகம்தான். 2007இல் அதன் இடத்துக்குக் கைமுத்திரை வந்தது.

நீங்கள் சேர்க்கும் நினைவு நாணயங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1964 நேருவில் தொடங்கி, உலகத் தமிழ் மாநாட்டுக்காக 1995இல் வந்த திருவள்ளுவர் வரை முகம் பார்த்துச் சேர்ப்பது எளிது.

உங்கள் மகன் பார்ப்பது வருஷத்துக்குக் கீழே உள்ள இடத்தை; காசை அடித்த நாணயச்சாலையின் குறி அங்கேதான் இருக்கும். வைரம் இருந்தால் மும்பை, நட்சத்திரம் ஹைதராபாத், புள்ளி நொய்டா, ஒன்றுமில்லையென்றால் கொல்கத்தா. ஒரே வருஷத்து ரூபாய்க்கு ஆல்பத்தில் நாலு குழி வேண்டியிருக்கலாம். கடைக்காரர்கள் பத்து ரூபாயை வாங்க மறுத்தபோது, 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018இல் அறிவித்தது நினைவிருக்கும். கடைக்காரரை மிரட்டிய அந்தப் பதினாலுதான் உங்கள் மகனுக்குத் தீனி.

மூவரும் செய்யக் கூடாத காரியம் ஒன்று உண்டு: புளி. குத்துவிளக்குக்குச் சரி, காசுக்கு ஆகாது. புளியின் அமிலம் செம்பின் மேல் படிந்த பழுப்பைத் தின்று, அப்பட்டமான இளஞ்சிவப்பை வெளியே கொண்டுவரும்; அந்த நிறத்தைப் பார்த்ததுமே விவரம் தெரிந்தவர் விலையை இறக்குவார். வெள்ளியை விபூதியால் தேய்த்தால் முடி போன்ற கீறல் விழும், அது போகவே போகாது. மண்ணும் தூசும்தான் என்றால் டிஸ்டில்டு வாட்டரில் சில மணி நேரம் ஊறவிட்டு, பருத்தித் துணியில் ஒற்றி எடுங்கள். மென்மையான பிளாஸ்டிக் உறையில் கிடந்த காசில் பச்சையாகப் பிசுபிசுப்பு இருந்தால் அது பி.வி.சி. என்ற அந்தப் பிளாஸ்டிக் விட்ட கசிவு; கண்ணாடிக் கிண்ணத்தில் சுத்தமான அசிட்டோன் ஊற்றிச் சில நிமிஷம் போட்டு எடுங்கள். அடுப்பு, சாமி விளக்கு பக்கம் வேண்டாம், ஜன்னல் திறந்திருக்கட்டும். நகப்பூச்சு அழிக்கும் திரவம் அதற்கு மாற்றாகாது, அதில் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும். ரப்பர் பேண்டையும் கழற்றி எறியுங்கள். அதிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கும்.

மைலார் என்ற தெளிவான பிளாஸ்டிக் தாளில் ஜன்னல் வைத்த அட்டை உறையில் ஒவ்வொரு காசாகப் போட்டு, ஸ்டேப்ளர் பின்னின் முனைகளைக் குறடால் தட்டையாக நசுக்கிவிடுங்கள். இல்லையென்றால் பக்கத்துக் காசைக் கீறும்.

மலாயாப் பக்கத்துச் சதுரச் சென்ட், இந்தோசீனாவின் 27 கிராம் வெள்ளிப் பியாஸ்தர் போன்றவை அகப்பட்டால் இந்தியக் காசோடு கலக்காதீர்கள். எந்தத் துணிப்பையில், எந்தப் பொட்டலத்தில் இருந்தன என்பதை அட்டையில் குறியுங்கள். வருஷம், நாணயச்சாலைக் குறி, எடை ஆகியவற்றை மகன் எழுதட்டும். காசு வந்தது ரங்கூனிலிருந்தா, பினாங்கிலிருந்தா, சைகோனிலிருந்தா என்ற வரியை அப்பச்சி சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள். காசை உள்ளே வைப்பதற்கு முன்பே எழுதிவிடுங்கள், பேனா அழுத்தம் காசில் இறங்கக் கூடாது.

அன்புடன்,
காரைக்குடியிலிருந்து தம்பி