இயற்பியல் ஆய்வக எடைத் தொகுப்புகள்: பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பள்ளி இயற்பியல் ஆய்வகத்துக்கு எடைகள் வாங்கித் தரும் பணி முடிந்துவிட்டது. வந்தவை எல்லாம் சரிபார்க்கப்பட்டு, பதிவேட்டில் ஏற்றப்பட்டு, ஆசிரியர்களிடம் ஒப்படைக்கப்பட்டன. வரவு செலவுக் கணக்கைத் தனித்தாளாக இணைத்திருக்கிறோம். எதை ஏன் தேர்ந்தெடுத்தோம் என்று சொல்வதுதான் இந்த அறிக்கையின் வேலை. எடை என்றால் எடைதானே, இதற்கு ஏன் இவ்வளவு யோசனை என்று உறுப்பினர்கள் சிலர் கேட்டிருந்தார்கள். நியாயமான கேள்வி, அதற்கான பதிலும் கீழே இருக்கிறது.

முதலில் பழைய இருப்பு. எடைப்பெட்டிகளில் மில்லிகிராம் துண்டுகள் பாதிக்கு மேல் காணவில்லை, இடுக்கியும் இல்லை. வார்ப்பிரும்பு எடைகளில் துருவை மறைக்க மேலே மேலே பெயிண்ட் அடித்திருந்தார்கள். வெவ்வேறு தொகுப்புகளைச் சேர்ந்த தட்டுகள் (நடுவே பிளவுள்ள வட்ட எடைகள்) ஒரே தாங்கியில், அதாவது அவற்றைக் கோத்துத் தொங்கவிடும் கொக்கித் தண்டில், கலந்து கிடந்தன. இதைவிட எங்களை உறுத்தியது வேறொன்று. சோதனை முடிவு சரியாக வராவிட்டால், "எடை சரியில்லை" என்று ஒரு வரி எழுதி முடித்துவிடும் பழக்கம் மாணவர்களிடம் வந்திருந்தது. பிழை எங்கிருந்து வருகிறது என்று தேடுவதுதான் ஆய்வகத்தில் கற்க வேண்டிய முக்கியமான விஷயம். நம்ப முடியாத எடைகள் அந்தத் தேடலையே நிறுத்திவிடுகின்றன.

அடுத்து, எவ்வளவு துல்லியம் வேண்டும் என்ற கேள்வி. எடைகளின் தரத்தைச் சர்வதேச சட்டமுறை அளவியல் அமைப்பு தன் ஆர் 111 பரிந்துரையில் வகுத்திருக்கிறது. மிக உயர்ந்தது இ1, அப்புறம் இ2, எஃப்1, எஃப்2, எம்1, எம்2, எம்3 என்று இறங்கும். 100 கிராம் எடையை எடுத்துக்கொண்டால் அனுமதிக்கப்பட்ட பிழை எஃப்2-இல் 1.6 மில்லிகிராம், எம்1-இல் 5, எம்2-இல் 16, எம்3-இல் 50. ஒவ்வொரு படிக்கும் ஏறத்தாழ மூன்று மடங்கு. எல்லாவற்றையும் உயர்ந்த தரத்திலேயே வாங்கிவிடலாம் என்ற கருத்து குழுவில் இருந்தது. நாங்கள் அதை ஏற்கவில்லை. சுருள்வில்லின் நீட்சியை மில்லிமீட்டர் அளவுகோலில் படிக்கும் மாணவர், 40 மில்லிமீட்டர் நீட்சியில் ஒரு மில்லிமீட்டர் தவறினாலே 2.5 சதவீதம் போய்விடும். அங்கே எடையில் மில்லிகிராம் பார்த்து என்ன பயன்?

ஆனால் எல்லாச் சோதனைகளும் அப்படி இல்லை. இதை எங்களுக்குத் தெளிவாகக் காட்டியது கப்பிச் சோதனை. ஜார்ஜ் அட்வுட் 1784-இல் வெளியிட்ட நூலில் விவரித்த அதே அமைப்புதான்: கப்பியின் ஒரு பக்கம் 100 கிராம், மறுபக்கம் 110 கிராம். அங்கே இயக்கத்தை உண்டாக்குவது 10 கிராம் வித்தியாசம் மட்டுமே. முடுக்கம் நொடிக்கு நொடி சுமார் 0.47 மீட்டர் வரும். இப்போது எடைகளில் வெறும் அரை சதவீதப் பிழை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் அரை கிராம் குறைவு, மறுபக்கம் அரை கிராம் கூடுதல். வித்தியாசம் 10 கிராமுக்குப் பதில் 11 கிராம் ஆகிவிடும். அரை சதவீதமாக இருந்த பிழை முடிவில் பத்து சதவீதமாக வந்து நிற்கும்! மாணவர் கப்பியின் உராய்வைக் குறை சொல்வார், நேரம் பார்த்த நண்பரைக் குறை சொல்வார். உண்மையான காரணம் கண்ணுக்கே படாது.

அதே சோதனையை எம்2 வரம்புக்குள் உள்ள எடைகளால் செய்தால், இரண்டு 100 கிராமும் ஒரு 10 கிராமும் மிக மோசமாகச் சேர்ந்தாலும் மொத்தப் பிழை 38 மில்லிகிராம். பத்து கிராமில் அது 0.4 சதவீதம்கூட இல்லை. எம்3 என்றால் 1.2 சதவீதம் வரை போகலாம். கைக்கடிகாரம் வைத்து நேரம் பார்த்தால் எம்3 தரமே போதும். ஒரு மீட்டர் இறங்க இரண்டு நொடிக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும். அதில் கை 0.1 நொடி தாமதித்தால் முடுக்கத்தில் பத்து சதவீதம் போய்விடும். ஆனால் ஆய்வகத்தில் இப்போது ஒளிக்கதவு (ஒளிக்கற்றை மறைபடும் நொடியைத் தானே பதிவு செய்யும் கருவி) வைத்து நேரம் எடுக்கிறார்கள். அந்தத் துல்லியத்தை வீணாக்காமல் இருக்க எம்2 என்று முடிவு செய்தோம். சுரமானிக்கும் (இழுத்துக் கட்டிய கம்பியின் அதிர்வை அளக்கும் கருவி) கம்பியின் மீள்தன்மைச் சோதனைக்குமான அரைக் கிலோ தட்டுகளுக்கு எம்3 போதும். அந்த வரம்பு 250 மில்லிகிராம், அதாவது 0.05 சதவீதம்தான்.

தராசுக்கான எடைப்பெட்டியை மட்டும் எம்1-இல் வாங்கினோம். மேசைகளில் புழங்கும் எல்லாச் சிறு எடைகளையும் சரிபார்க்க இதுவே அடிப்படை. 5, 2, 2, 1 என்ற வரிசையில் உள்ள பெட்டி இது. ஒன்றிலிருந்து பத்து வரை எந்த எண்ணையும் இந்த நான்கால் சேர்க்கலாம். கூடவே இன்னொரு வசதி உண்டு: 5-ஐத் தராசின் ஒரு தட்டிலும் 2, 2, 1-ஐ மறு தட்டிலும் வைத்துப் பெட்டியை அதைக்கொண்டே சோதிக்கலாம். இரண்டு 2-களில் ஒன்றில் புள்ளி அடையாளம் இருப்பது எதை எங்கே வைத்தோம் என்று குழம்பாமல் இருக்கத்தான். மில்லிகிராம் துண்டுகள் முக்கோணமாக இருந்தால் 1, நாற்கோணம் 2, ஐங்கோணம் 5 என்ற வரிசை. எழுத்து தேய்ந்தாலும் வடிவம் சொல்லிவிடும்.

தாங்கியில் கோக்கும் தட்டுகளுக்கு இந்த வரிசை சரிப்படாது. சுமைக்கும் நீட்சிக்கும் வரைபடம் போட, சுமை சம அளவாக ஏற வேண்டும். அதனால் மேசைக்கு ஒரு தொகுப்பாக 10 கிராம் தட்டுகள், 50 கிராம் தட்டுகள், 100 கிராம் தட்டுகள் என்று ஒரே அளவுள்ளவையாக வாங்கினோம். கப்பிச் சோதனையில் கூடுதல் எடையாக வைப்பது இந்தப் 10 கிராம் தட்டைத்தான்.

தாங்கியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தாங்கியின் எடையைக் கணக்கில் சேர்க்க மறப்பதே ஆய்வகத்தில் அடிக்கடி நடக்கும் தவறு என்று ஆசிரியர்கள் சொன்னார்கள். சுரமானியில் 500 கிராம் தாங்கியில் மூன்று அரைக் கிலோ தட்டுகள் இருந்தால் இழுவிசை தருவது 2 கிலோ. 1.5 கிலோ என்று எழுதினால், கணக்கிடும் அதிர்வெண் 13 சதவீதம் குறைந்துவிடும். எனவே தாங்கியின் எடை அதிலேயே பொறிக்கப்பட்டிருக்க வேண்டும், அதுவும் ஒரு தட்டின் எடைக்குச் சமமாக இருக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தோம். பார்வைக்கு வந்த ஒரு தொகுப்பில் தட்டுகள் எல்லாம் வரம்புக்குள் இருந்தன, தாங்கி மட்டும் சில கிராம் குறைந்திருந்தது. திருப்பி அனுப்பிவிட்டோம்.

உலோகம் பற்றி நீண்ட விவாதம் நடந்தது. பித்தளை கனமானது, காந்தத்தால் ஈர்க்கப்படாது. ஆனால் வியர்வை பட்டால் கறுக்கும், பளபளப்பாக்கப் பாலிஷ் போட்டுத் தேய்த்தால் எடையே குறையும். வார்ப்பிரும்பு துருப்பிடிக்கும். காந்தவியல் சோதனைகளும் அதே அறையில் நடப்பதால் அதை ஒதுக்கினோம். சிறு தட்டுகள் நிக்கல் பூசிய பித்தளை, அரைக் கிலோ தட்டுகள் துருப்பிடிக்காத எஃகு. எடைகளுக்கு இனி யாரும் பெயிண்ட் அடிக்கவோ பாலிஷ் போடவோ வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். மென்மையான உலர்ந்த துணி போதும்.

கடைசியாக ஒரே ஒரு எடை, 200 கிராம், எஃப்2 தரம், அளவொப்புச் சான்றிதழுடன் (தெரிந்த தர எடையோடு ஒப்பிட்டுச் சரிபார்த்ததற்கான சான்று). இது எதற்கென்று பலர் கேட்டார்கள். மின்னணுத் தராசு உணர்வது விசையை. புவியீர்ப்பு முடுக்கம் நிலநடுக்கோட்டில் 9.78, துருவத்தில் 9.83, இரண்டுக்கும் அரை சதவீத வித்தியாசம். தராசை ஓரிடத்தில் அளவு வைத்து வேறிடத்துக்குக் கொண்டு போனால் காட்டும் எண் மாறலாம். இருக்கும் இடத்திலேயே தெரிந்த எடையை வைத்துத் திருத்த வேண்டும். தராசு 0.01 கிராம் வரை காட்டுவதால், திருத்தும் எடையின் பிழை அதில் மூன்றில் ஒரு பங்குக்குள் இருப்பது நல்லது. 200 கிராமுக்கு எம்1 வரம்பு 10 மில்லிகிராம், எஃப்2 வரம்பு 3. பள்ளிக்கு உயர்ந்த தரம் உண்மையாகத் தேவைப்பட்ட ஒரே இடம் இதுதான்.

சரிபார்ப்பு இப்படி நடந்தது: சிறு தட்டுகளை எம்1 பெட்டியோடு ஒப்பிட்டு, இயற்பியல் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்தோம். அரைக் கிலோ தட்டுகளை 0.1 கிராம் காட்டும் தராசில் பார்த்தோம். மேல்வகுப்பு மாணவர்களே முன்வந்து நிறுத்து எழுதினார்கள். ஒவ்வொரு தட்டிலும் தொகுப்பு எண் பொறிக்கப்பட்டிருக்கிறது, தட்டுகள் இனி கலக்காது.

இன்னும் இரண்டு வேலைகள் இருக்கின்றன. எடை தொங்கும் இடங்களில் கீழே வைக்க மணல் தட்டுகள் வேண்டும் என்று ஆசிரியர்கள் கேட்டிருக்கிறார்கள். கம்பி அறுந்து இரண்டு கிலோ காலில் விழும் ஆபத்து இருப்பதால், மீதமுள்ள தொகையில் அதை முதலில் செய்ய உறுப்பினர்களின் ஒப்புதலைக் கோருகிறோம். 200 கிராம் எடையைக் குறித்த காலத்தில் மீண்டும் அளவொப்புக்கு அனுப்பும் பொறுப்பு யாருடையது என்பதை அடுத்த கூட்டத்தில் முடிவு செய்ய வேண்டும். அதுவரை அது பூட்டிய பெட்டியில் தலைமையாசிரியர் பொறுப்பில் இருக்கும்.

ஆய்வகப் பணிக் குழு