சுவார்ட்ஸ் ஐயர் மேடையேறிவிட்டார்: நன்றி

நாடகம் நடக்குமா என்றே ஆகிவிட்ட கடைசி நேரச் சிக்கல் உங்கள் எல்லாருக்கும் தெரியும். அதை மறுபடி கிளறப் போவதில்லை. தஞ்சையில் வாழ்ந்த ஜெர்மானியப் பாதிரியார் சுவார்ட்ஸைப் பற்றிய எங்கள் நாடகம் நடந்தேறிவிட்டது. படபடப்பு இன்னும் அடங்கவில்லை என்றாலும் இன்றே எழுதிவிட வேண்டும்.

இரவோடு இரவாக உடைகளைத் தைத்துக் கொடுத்தவர்கள், வேன் அனுப்பியவர்கள், வாடகையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற அரங்கத்தார், டிக்கெட் பணத்தைத் திருப்பிக் கேட்காதவர்கள், அனைவருக்கும் கைகூப்பிய நன்றி.

ஆனால், அரங்கக் காவலாளியின் மனைவிக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். பின்னாளில் தஞ்சை மன்னரான சரபோஜியின் சிறுவயது வேடத்தில் நடித்த பையன் அன்று மாலை மிரண்டுபோய், ஒப்பனை அறையை விட்டு வரமாட்டேன் என்றான். அவனைத் தேற்ற எங்களில் ஒருவருக்கும் பொழுதில்லை. அந்த அம்மா யாரும் சொல்லாமலே அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். எழுத்துக்கூட்டி மற்றவர்கள் வசனத்தையெல்லாம் படித்தார். அவன் தன் வசனத்தைச் சொன்னான். சரபோஜியைத் தத்தெடுத்த தஞ்சை மன்னர் துளஜா மகாராஜா சாகக் கிடக்கும் காட்சியை அவர் படித்த அழகில் பையன் சிரித்தேவிட்டான். பாதிப் பயம் அங்கேயே போயிற்று.

நடுவில் என்னைப் பார்த்து, "ஐயா, இந்த வெள்ளைக்காரருக்குச் சொந்தப் பிள்ளை கிடையாதா?" என்றார்.

கிடையாது. 1750இல் தரங்கம்பாடிக்கு வந்தவர், கடைசிவரை மணம் செய்துகொள்ளவில்லை. 1787இல் துளஜா தன் தத்துப்பிள்ளை சரபோஜியைச் சுவார்ட்ஸிடம் ஒப்படைத்தபோது, பொறுப்பைத் தம்பி அமர்சிங்கிடம் விடும்படி யோசனை சொன்னவரே அவர்தான். அந்தச் சித்தப்பாவோ பையனைப் படிப்பில்லாமல் அடைத்துவைத்தார். கிழக்கிந்தியக் கம்பெனியாரிடம் முறையிட்டு, அவனைச் சென்னைக்குக் கொண்டுபோய்ப் படிக்கவைத்தவரும் சுவார்ட்ஸ்தான். நெல்லைச் சீமையிலிருந்து சிறுவன் வேதநாயகத்தை, பிற்காலத்துக் கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியாரை, அழைத்துவந்து படிக்கவைத்ததும் அவரே. 1798 பிப்ரவரியில் கண்மூடினார். அதே ஆண்டில் மாணவன் அரியணை ஏறியதைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

எத்தனையோ பேர் ஒத்திகை பார்த்தார்கள். ஹைதர் அலியிடம் தூது போனதைக் கேட்டார்கள், அரண்மனைச் சூழ்ச்சியைக் கேட்டார்கள். பிள்ளையைப் பற்றிக் கேட்டவர் இவர் ஒருவர்தான். அடுத்த முறை தூதுக் காட்சி சுருங்கும். அந்தத் தனிமனிதரும் இரண்டு பையன்களும் பாடம் படிக்கும் காட்சி ஒன்று சேரும். எழுதியதும் முதலில் அந்த அம்மாவிடம்தான் கொடுக்கப் போகிறேன், எழுத்துக்கூட்டிப் படிக்கட்டும்.

இரவல் வாங்கிய ஜமக்காளங்களும் விளக்குகளும் சனிக்கிழமைக்குள் வீடு வந்து சேரும். விட்டுப்போனவர்கள் யாராவது இருந்தால், நேரில் வந்து உரிமையோடு திட்டலாம்.